ஊர்சுற்றும் விசாவும் வானம் பார்த்த பூமியும்

2024 அக்டோபர் 1ஆம் தேதி ஆஸ்திரேலியா இந்திய இளைஞர்களுக்காக ஒரு சீட்டுக்குலுக்கலைத் திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடம். வயது 18 முடிந்திருக்க வேண்டும், 31 ஆகியிருக்கக் கூடாது. பெயர் விழுந்தவர் 12 மாதம் அந்த நாட்டில் தங்கலாம், ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ளலாம், நான்கு மாதம் வரை படிக்கலாம். பதிவு தொடங்கிய இரண்டு வாரத்திலேயே ஏறத்தாழ 40,000 பேர் பதிந்துவிட்டதாக அந்நாட்டு அமைச்சர் ஒருவர் சொன்னார். 2022 ஏப்ரலில் கையெழுத்தாகி, அந்த ஆண்டு டிசம்பர் 29 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய–ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தின் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சலுகை இது. இதற்கு 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா என்று பெயர். விசா வகை எண் 462.

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பையனோ பெண்ணோ இந்த விதிகளை வாசித்தால் எதிலும் தட்டாது. பள்ளிக்குப் பின் இரண்டாண்டுப் படிப்பு கேட்கிறார்கள், இருக்கிறது. அருப்புக்கோட்டையில் 1970 வாக்கில் தொடங்கிய கல்லூரிகளுக்கு இப்போது அரை நூற்றாண்டு வயது. சுற்றுப்பட்டிகளில் முதல் தலைமுறைப் பட்டதாரி இல்லாத தெரு குறைவு. ஆங்கிலம் ஐஇஎல்டிஎஸ்ஸில் சராசரி 4.5 இருந்தால் போதும், அது மலையில்லை. பாஸ்போர்ட், பான் கார்டு, இரண்டும் எடுக்கக்கூடியவைதான். காகிதத்தில் தகுதி முழுசாக இருக்கிறது. எங்கே இடிக்கிறது என்பதே இந்தக் கட்டுரைக்கு விஷயம்.

இந்த வகை விசா யாரை மனத்தில் வைத்துப் பிறந்தது என்பதிலிருந்து பார்க்கலாம். ஆஸ்திரேலியா 1975இல் இதைத் தொடங்கியபோது பிரிட்டன், அயர்லாந்து, கனடா மூன்று நாட்டு இளைஞருக்கு மட்டும் திறந்தது. 1980இல் ஜப்பான் சேர்ந்தது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவிலோ, கல்லூரிக்கும் உத்தியோகத்துக்கும் நடுவிலோ ஓராண்டை முதுகுப்பையோடு கழிக்க நினைக்கும் நடுத்தர வர்க்கத்துப் பிள்ளைதான் அந்த விதிகளின் கதாநாயகன். பயணம்தான் நோக்கம், வேலை வழிச்செலவுக்கு. அந்தப் பிள்ளையின் வீட்டில் மாதம் பிறந்தால் இவன் பணத்தை எதிர்பார்த்து யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. சட்டத்தில் எங்கும் எழுதாத, ஆனால் மொத்தச் சட்டத்தையும் தாங்கி நிற்கும் நிபந்தனை இது.

இந்தியருக்கு இந்தக் கதவு முன்பும் ஒரு தடவை திறந்திருந்தது என்பது பலருக்கு நினைவில்லை. பிரிட்டனில் காமன்வெல்த் நாட்டு இளைஞருக்கென ஒரு 'வொர்க்கிங் ஹாலிடேமேக்கர்' திட்டம் இருந்தது. இந்தியரும் அதில் சேர்த்தி. 2008 நவம்பரில் அதை மூடிவிட்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, ஜப்பான் நாட்டு இளைஞருக்கு வேறு திட்டம் கொண்டுவந்தார்கள். நாம் வெளியே. பிறகு 2021 மே மாத ஒப்பந்தத்தின்படி, 2023 பிப்ரவரி 28 முதல், ஆண்டுக்கு 3,000 இந்தியருக்கு இரண்டாண்டு விசா என்று மறுபடி திறந்தார்கள். அதற்குக் குலுக்கல் இலவசம், பதிவு இரண்டே நாள். ஆனால் வங்கியில் 2,530 பவுண்டு இருப்புக் காட்ட வேண்டும். அதற்கு மேல் மருத்துவத்துக்கென இரண்டாண்டுக்கு 1,552 பவுண்டை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். இருப்புக் காட்டிய பணம் கையில் நிற்கும். மருத்துவக் கட்டணம் போனது போனதுதான்.

ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே இரண்டு வரிசை உண்டு. பிரிட்டன் போன்ற நாடுகளுக்கு 417 என்ற வகை; அதில் உச்சவரம்பே கிடையாது. 2023 ஜூலை முதல் பிரிட்டன்காரருக்கு வயது வரம்பு 35 ஆகிவிட்டது. 2024 ஜூலை முதல் அவர்கள் பண்ணை வேலை எதுவும் பார்க்காமலே மூன்று தடவை இந்த விசா வாங்கலாம். நமக்கு 462, குலுக்கல், 1,000 பேர். இரண்டாவது ஆண்டு வேண்டுமானால் முதல் ஆண்டில் குறிப்பிட்ட வட்டாரங்களில் மூன்று மாதம் பண்ணை போன்ற வேலை. மூன்றாவது ஆண்டுக்கு ஆறு மாதம். விடுமுறைக்கு வந்தவர்களைக் கொண்டு பழத்தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஏற்பாடாக இது மாறி ரொம்ப நாளாகிறது. ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேல் இந்த விசாக்களை அந்த நாடு கொடுக்கிறது. பயணத்தின் மேல் உள்ள பிரியத்தால் மட்டும் எந்த அரசும் இவ்வளவு விசா அடிக்காது.

இனி நம்ம பக்கம். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி வழியாகக் குண்டாற்றை ஒட்டிப் போகும் நிலம் வானம் பார்த்த பூமி. கரிசலும் செவலும் மாறிமாறி வரும். கண்மாய் உண்டு, நிறைவது மழையின் சித்தம். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் எடுப்பார்கள்: பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி, மிளகாய், இப்போது மக்காச்சோளம். பங்குனி பிறந்தால் காடு வெறுங்காடு. அடுத்த ஆவணி வரை நிலத்துக்கு லீவு. ஆளுக்கு லீவு கிடையாது. அந்த ஐந்தாறு மாதத்தில்தான் ஆட்கள் வெளியே கிளம்புவார்கள். கரிமூட்டம் போடப் போவார்கள், செங்கல் காளவாசலுக்குப் போவார்கள், சென்னையில் மளிகைக் கடைக்கோ பரோட்டாக் கடைக்கோ போவார்கள். மழை விழுந்த சேதி வந்தால் ஒரு பகுதி ஆள் திரும்பும். போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவது இந்தப் பக்கத்துக்குப் புதிதே இல்லை. விசா அதிகாரி தேடிக்கொண்டிருக்கும் 'திரும்பி வருகிற ஆள்' இந்த ஊர்க்காரன்தான் என்று வம்புக்குச் சொல்லலாம்.

வம்பு மட்டும் இல்லை, இதற்குச் சரித்திரமும் இருக்கிறது. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா பிரிவதற்கு முன் இந்த ஊர்களெல்லாம் மதுரை ஜில்லாவில் இருந்தன. 1830களிலிருந்து இலங்கையின் கண்டி மலையில் வெள்ளைக்காரர்கள் காப்பி போட்டார்கள். காப்பிக்கு ஆண்டு முழுக்க ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் மாதங்களில்தான் கூட்டம் வேண்டும். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் ஆட்கள் போனார்கள். இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தார்கள். அந்த வடக்குப் பாதையில் காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர் ஏராளம். பிழைத்தவர் பறிப்பு முடிந்ததும் கையில் காசோடு ஊர் திரும்பினார்கள். அந்தக் காலத்தில் போனவர்களில் பெரும்பாலும் ஆண்கள். குடும்பம் ஊரில் இருந்தது, கொஞ்சம் நிலமும் இருந்தது, திரும்பினார்கள்.

1869இல் காப்பி இலையில் பூஞ்சை நோய் விழுந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் காப்பி போய்த் தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுக்கக் கிள்ள வேண்டும். கிள்ளுவதற்குப் பெண்கள் வேண்டும். தோட்டங்களில் லயம் கட்டினார்கள், குடும்பத்தோடு கூட்டிப்போனார்கள். இந்தப் பக்கம் 1876–78 தாதுப் பஞ்சம் ஆளைத் துரத்தியது. போய்த் திரும்பியவர்கள் போய்த் தங்கியவர்களானது இப்படித்தான். ஆளுடைய மனசு மாறி இது நடக்கவில்லை. பயிர் மாறியது, வேலையின் தன்மை மாறியது. விசா விண்ணப்பத்தில் 'திரும்பி வருவாயா' என்று ஒருவனுடைய எண்ணத்தைச் சோதிக்கும் அதிகாரிகள் இந்தக் கதையை ஒருமுறை வாசிப்பது நல்லது. மூன்று மாதப் பண்ணை வேலைக்கு இரண்டாம் ஆண்டு, ஆறு மாதத்துக்கு மூன்றாம் ஆண்டு என்று ஆசை காட்டும் விதியும் காப்பியிலிருந்து தேயிலைக்கு இழுக்கும் விதிதான்.

மிச்சக் கதை தெரிந்ததே. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அப்படித் தங்கிவிட்ட மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. பிறகு 1983 இனக்கலவரம், அகதிகளாக வந்தவர்கள். இன்று விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு போன்ற ஊர்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு பெயர் மாற்றியது. அங்கேயே பிறந்து, அருப்புக்கோட்டைப் பேச்சுப் பேசி, இங்குள்ள கல்லூரியிலேயே படித்து முடித்த இருபது வயதுப் பிள்ளைகள் பலருக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. 1987 ஜூலைக்குப் பின் இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2004 டிசம்பருக்குப் பின் அது இன்னும் இறுகியது. குலுக்கலில் பெயர் போடவே அவர்களுக்கு வழியில்லை.

பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு வருவோம். முதல் முட்டுக்கட்டை பெயர். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் 'மு. கார்த்திகா' என்று இருக்கும். பான் கார்டு எடுக்கும்போது கடைசிப் பெயருக்கு இனிஷியல் ஏற்காது என்று கணினி மையத்துத் தம்பி அப்பா பெயரை முழுசாக அடித்துவிடுவார். பாஸ்போர்ட் எடுக்கும்போது வேறொரு மையம், வேறொரு தம்பி. அவர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு இரண்டையும் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார். குலுக்கலுக்கோ இந்தியரிடம் கேட்பது பாஸ்போர்ட், பான் இரண்டையும்தான். ஒரே ஆளுக்கு மூன்று ஆவணத்தில் மூன்று பெயர். இதைச் சரிசெய்யத் தாலுகா ஆபீசுக்கும் மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் அலைவதற்குள் பதிவு முடிந்துவிடும். விண்ணப்பிக்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது மூன்று ஆவணத்தையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது.

இரண்டாவது பணம். ஓர் ஆஸ்திரேலிய டாலரை 55 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குலுக்கல் பதிவு 25 டாலர், 1,375 ரூபாய். பெயர் விழுந்தால் விசாக் கட்டணம் 2025 ஜூலை நிலவரப்படி 670 டாலர், 36,850 ரூபாய். கையிருப்பாக 5,000 டாலர், அதாவது 2,75,000 ரூபாய். ஆங்கிலத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, டிக்கெட் எல்லாம் சேர்த்தால் கணக்கு 4 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. மதுரையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நேர் விமானம் கிடையாது; கொழும்பில் இறங்கி மாறிப் போவது ஒரு வழி. பாட்டன்மார் போன பாதை இன்னும் பாதி அப்படியே இருக்கிறது. 2025–26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுக் கூலியும் கிடைத்தால்கூட ஆண்டுக்கு 33,600. கையிருப்புக் காட்டும் 5,000 டாலருக்கு மட்டும் எட்டு ஆண்டுக்கு மேல் நூறு நாள் வேலை பார்க்க வேண்டும், ஒரு வேளைகூடச் சாப்பிடாமல்.

ஆகவே வட்டிக்கு வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டும் யோசனை வரும். மாணவர் விசாவுக்கு அப்படிப் பழக்கப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பொய் ஆவணம் என்று தெரிந்தால் மூன்று ஆண்டு ஆஸ்திரேலிய விசாவே கிடையாது என்பதைப் பணம் புரட்டிக் கொடுப்பவர் சொல்ல மாட்டார். கன்சல்டன்சி வைத்திருக்கும் யாராவது 'வொர்க்கிங் ஹாலிடே விசா நிச்சயம்' என்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். குலுக்கலில் பெயர் விழ வைக்க யாராலும் ஆகாது.

சரி, 4 லட்சம் புரட்டிப் போனால் அந்தப் பணத்தை எடுக்க முடியுமா? முடியும், அதுதான் இந்த விசாவில் உள்ள ருசி. 2025 ஜூலை முதல் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர், தற்காலிகத் தொழிலாளிக்கு அதற்கு மேல் 25 சதவீதம், சுமார் 31 டாலர். வாரம் 38 மணி நேரம் வேலை கிடைத்தால் 1,185 டாலர். இந்த விசாக்காரருக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி பிடிப்பார்கள், ஆண்டு வருமானம் 45,000 டாலர் வரை. உள்ளூர்க்காரருக்கு உள்ள வரியில்லா வரம்பு இவர்களுக்கு இல்லை. முதலாளி கட்டும் ஓய்வூதியப் பணத்தை ஊர் திரும்பும்போது வாங்கப் போனால் அதில் 65 சதவீதம் வரி. இத்தனை போக வாரம் 1,000 டாலர் கையில் வரும். வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவதை வைத்து நல்ல சீசனில் ஏழெட்டு மாதத்தில் முதலை எடுத்துவிடலாம்.

நல்ல சீசன் என்றேன். பழப்பறிப்பில் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி பேசுவார்கள். கை பழகாதவருக்கு மணிக் கூலி பாதிகூட நிற்காது. 2022 ஏப்ரல் 28 முதல் தோட்டத் தொழிலில் பெட்டிக் கணக்கில் வேலை பார்த்தாலும் மணிக்குரிய குறைந்தபட்சக் கூலி தந்தாக வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முன், 2018இல் வெளியான அறிக்கைப்படி, ஆஸ்திரேலிய அரசின் தொழிலாளர் கண்காணிப்பு அமைப்பு அறுவடைத் தொழிலில் 638 நிறுவனங்களை விசாரித்ததில் பாதிக்கும் மேற்பட்டவை சட்டத்தை மீறியிருந்தன. கங்காணி அங்கேயும் உண்டு, ஒப்பந்தக்காரர் என்ற பெயரில்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் மோரீ, நேரப்ரை வட்டாரங்கள் கருமண் நிலம், பருத்திச் சீமை. ஏப்ரல் வாக்கில் பருத்தி எடுத்ததும் ஜின்னிங் ஆலைகள் இரவு பகலாக ஓடும். அந்த மூன்று நான்கு மாத ஷிப்டுக்கு முதுகுப்பை இளைஞர்கள் நிறையப் பேர் போவார்கள், சம்பளம் நல்லது என்பதால். ஜெர்மானியப் பையனுக்கு ஆலையின் தூசியும் பஞ்சும் புதுசு. பேல் என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்க வேண்டும். அருப்புக்கோட்டையில், விருதுநகர்ப் பஞ்சுப்பேட்டையில் வளர்ந்த பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க அவ்வளவு இருக்காது. தொழில் தெரிந்தவனுக்கு 1,000 சீட்டில் ஒன்று. தெரியாதவனுக்கு வரம்பே இல்லாத கதவு. பருத்தி விவசாயியைக் கேட்டால் வேறு மாதிரி விசா எழுதியிருப்பார்.

வீட்டில் ஓராண்டை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. இந்தப் பக்கத்துப் பட்டதாரிகள் ஏற்கெனவே ஓராண்டை, சில சமயம் மூன்று நான்கு ஆண்டை, சம்பளமில்லாமல் கழிக்கிறார்கள். நூலகத்தில், பயிற்சி மையத்தில், டிஎன்பிஎஸ்சிக்காக. 2024 ஜூன் 9இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடம் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். ஒரு இடத்துக்கு 320 பேர். ஆஸ்திரேலியக் குலுக்கலில் அந்த இரண்டு வாரக் கணக்குப்படி ஒரு இடத்துக்கு 40 பேர். சீட்டு எடுப்பதே மேல் என்று கணக்குப் படித்த எவரும் சொல்வார். ஆனாலும் குரூப் 4க்குப் படிக்கும் பிள்ளையை வீடு தாங்கும். ஊர் சுற்றப் போகிறேன் என்றால் தாங்காது. அரசு வேலைக்குக் காத்திருப்பதில் ஒரு கௌரவம் உண்டு.

பெண்களுக்கு இது இன்னொரு விதம். திருமணத்துக்கு முன் வீட்டை விட்டு வெளியே தங்கி வேலை பார்த்த பெண்கள் இங்கு ஏராளம், நூற்பாலை விடுதிகளில். மூன்றாண்டு ஒப்பந்தம், முடிவில் 30,000, 50,000 என்று மொத்தத் தொகை, ஞாயிற்றுக்கிழமைகூடக் காவலோடு கடைக்குப் போய் வருவது. கோவை, திண்டுக்கல், விருதுநகர் மாவட்ட ஆலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயரெடுத்த ஏற்பாடு அது. பெண்ணை வெளியூர் அனுப்ப மாட்டோம் என்பது அந்த விடுதி வாசலில் எடுபடவில்லை. திரும்பி வரும்போது தாலிக்குப் பொன் வரும் என்றால் அனுப்பினார்கள். அனுபவத்தோடு வருவாள் என்றால் அனுப்ப மாட்டார்கள்.

நடைமுறையில் வெளிநாடு கிளம்பும் கிராமத்துப் பட்டதாரி எடுப்பது மாணவர் விசா. அதற்கு 2024 மே முதல் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக மட்டும் 29,710 டாலர் காட்ட வேண்டும், 16 லட்சத்துக்கும் மேல். கல்லூரிக் கட்டணம் தனி. விசாக் கட்டணமே 2025 ஜூலை முதல் 2,000 டாலர். போய்ச் சேர்ந்தபின் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். இதற்குக் கல்விக் கடன் கிடைக்கிறது, காட்டை அடமானம் வைத்தால் இன்னும் கிடைக்கிறது. 4 லட்சத்தில் முடிவதும், முழு நேரம் வேலை பார்க்க விடுவதுமான விசாவுக்குக் கடன் கிடையாது. வங்கியின் கண்ணில் அது சுற்றுலா.

2025 டிசம்பரில் நியூசிலாந்துடனான வர்த்தகப் பேச்சு முடிந்ததாக அறிவித்தபோது, அங்கேயும் ஆண்டுக்கு 1,000 இந்திய இளைஞருக்கு இதேபோல் விசா என்றார்கள். இடங்கள் கூடிக்கொண்டு போகும். அயலகத் தமிழருக்கென்று தமிழக அரசில் தனித் துறை இருக்கிறது. 1978 முதல் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் அரசு நிறுவனமும் இருக்கிறது. குலுக்கலில் பெயர் விழுந்த பிறகு மட்டும் கொடுக்கும் கடன் என்றால், தலைக்கு 4 லட்சம் வீதம் நூறு பிள்ளைகளுக்கு 4 கோடி ரூபாய் சுழல்நிதி போதும், சம்பளத்திலிருந்து அது திரும்பியும் வரும். நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான். பெயர் விழுந்த செய்தி வந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் கையிருப்புச் சான்றோடு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். நம்ம ஊரில் பயிர்க்கடனுக்கு அடங்கல் வாங்கவே அவ்வளவு நாள் ஆகும். ஆகவே கடனுக்கான சரிபார்ப்பைக் குலுக்கலுக்கு முன்பே முடித்துவைக்காமல் இது ஓடாது.